அமெரிக்க வரி அடிக்கடி மாறினால் ஆலைகளின் மாசு கூடுமா, குறையுமா?

"வரி என்ன ஆகுமென்று தெரியாமல் ஆர்டர் குறைந்தால் மாசும் குறையத்தானே வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தக் கணக்கில் சரிதான். ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு புகை, எவ்வளவு கழிவு என்று பார்த்தால் நான் கண்டது வேறு.

காரைக்குடி பக்கம் ஒரு நூல் சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் நூல் கரூருக்குப் போய், கர்ட்டனாகவும் மேசை விரிப்பாகவும் அமெரிக்கா போகும். 2025 தொடக்கத்தில் பாய்லர் புகைக்கு பேக் ஃபில்டர் (புகையிலுள்ள தூசியைத் துணிப்பைகளில் வடிகட்டும் கருவி) வைக்க கொட்டேஷன் வாங்கியிருந்தோம். ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 26 சதவீத வரி என்றார்கள். ஒரே வாரத்தில் அதை 90 நாள் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 7-இல் 25, அதே மாதம் 27-இல் 50. கொட்டேஷன் செல்லுபடியாவதோ 30 நாள். மூன்று முறை புதுப்பித்தேன். நாலாவது முறை ஃபில்டர் கம்பெனிக்காரர்களே, "முடிவானதும் கூப்பிடுங்க சார்" என்று விட்டார்கள்.

முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாய மெஷின் என்றால் வேறு ஆர்டருக்கு ஓட்டலாம், இல்லையென்றால் விற்கலாம். புகை பிடிக்கும் கருவி ஒரு பைசா சம்பாதிக்காது. கழற்றினால் பழைய இரும்பு விலைதான். அதிலும் அவருடையது பர்மாவில் வட்டிக்குப் பணம் கொடுத்த குடும்பம். 1930-களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்த நெல் வயல்களை விற்கவும் வழியில்லாமல், 1942-இல் ஜப்பான் படை வந்தபோது அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். "தெளியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று அவர் சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. திரும்ப எடுக்க முடியாத முதலீட்டில் காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று பொருளியலும் சொல்கிறது.

கழிவுநீர்ப் பக்கம் நடப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த 90 நாளில், வரி ஏறுவதற்குள் அனுப்பிவிட வேண்டுமென்று கரூரிலிருந்து அவசரம் அவசரமாகக் கேட்டார்கள். மூன்று ஷிப்ட் ஓடியது, கழிவுநீரில் காற்று ஊதி பாக்டீரியாவால் சுத்தம் செய்யும் ஏரேஷன் டேங்க் தாங்கவில்லை. செப்டம்பரில் வாரம் இரண்டு நாள்தான் வேலை. அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அப்போது இரை கிடையாது. டேங்க் பார்க்கிற அண்ணன் வெல்லமும் சாணியும் கரைத்துக்கொண்டிருந்தார். "எதுக்குண்ணே?" என்றேன். "இதுகளுக்குச் சோறு தம்பி. செத்துப்போச்சுன்னா திரும்ப வளர்க்க வாரக்கணக்கா ஆகும்." அப்படியும் அடுத்த பெரிய ஆர்டர் வந்தபோது டேங்க் நுரைத்துத் தள்ளியது. பாய்லரும் அப்படித்தான். தொடர்ந்து எரிந்தால் ஒழுங்காக எரியும். அணைத்து அணைத்துப் பற்றவைத்தால், அதுவும் ஐப்பசி மழையில் நனைந்த சீமைக்கருவேல விறகென்றால், கரும்புகைதான்.

இதற்கு நேர்மாறான கதை சீனாவுடையது. சீனச் சரக்குக்குக் குறைந்த வரியை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சர்ச்சை அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் நடந்தது. 2000-இல் அதை நிரந்தரமாக்கச் சட்டம் வந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. வரி விகிதம் மாறவில்லை, அது ஏறிவிடுமோ என்ற பயம் மட்டும் போனது. அதனால்தான் பொருளியலாளர்கள் இதை விரும்பி ஆராய்கிறார்கள். பயம் அதிகம் விலகிய தொழில்களில் ஓர் அலகு உற்பத்திக்கான கந்தக டை ஆக்சைடு (நிலக்கரிப் புகையில் வரும் நச்சு வாயு) குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் உற்பத்தி பெருகியதால் நாட்டின் மொத்த அளவு 2006 வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே இதைப் பற்றி யாராவது வரைபடம் காட்டினால், அது மொத்த டன்னா, ஓர் அலகுக்கா என்று முதலில் கேளுங்கள்.