அம்மாவை எழுந்து நடக்கச் சொன்னார்களா?

முதியோர் நலம்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தோம். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, ஸ்கேன் எதிலும் பெரிய குறையில்லை என்றார்கள். ஆனால் ஆறு மாதமாகக் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடக்கிறார். கேட்டால், “வயதானால் அப்படித்தான்” என்கிறார்கள். இன்னும் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ரத்தம் எடுத்தது போதும், அம்மா. கோயில், ரவிக்கை, சுவர் என்று நீங்கள் எழுதிய மூன்று வரிகளில் இருக்கும் செய்தி அந்த ஃபைல் முழுவதிலும் இல்லை. பரிசோதனை நடந்த அன்று யாராவது உங்கள் அம்மாவை எழுந்து நடக்கச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வோர் அறையாகத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

உடல் தளர்ந்துபோனவர்களை மதிப்பிடும்போது நாங்கள் ஐந்து அடையாளங்களைத் தேடுகிறோம். முயலாமலே எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடியில் வலுக்குறைவு, நடையில் மந்தம், நடமாட்டம் சுருங்குவது. 2001-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர் குழுவினரும் வகுத்த கணக்கு இது. மூன்று இருந்தால் கவனித்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்திலேயே மூன்று தேறும்போல் இருக்கிறது. “வயதானால் அப்படித்தான்” என்று சொன்னவர் எண்பத்தைந்து வயதில் நன்றாக நடமாடும் பாட்டிகளைப் பார்த்ததே இல்லையா என்ன?

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, மூன்று மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து அடி தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் அந்தக் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். நான் கடிகாரத்தைவிட ஆளைத்தான் அதிகம் பார்ப்பேன். ஒரே முயற்சியில் எழுகிறாரா, இரண்டு முறை ஆடிவிட்டு எழுகிறாரா? திரும்பும்போது காலை நகர்த்தி நகர்த்தி வைக்கிறாரா? உட்காரும்போது நாற்காலியைத் தடவிப் பார்க்கிறாரா, தொப்பென்று விழுகிறாரா?

அடுத்தது ரத்த அழுத்தம். உட்காரவைத்து எடுப்பது மட்டும் போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால், சுவரைப் பிடிப்பதற்குக் காரணம் முழங்கால் மட்டும் அல்ல என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது மாத்திரைப் பை. சீட்டு வேண்டாம், பையே வேண்டும். மேசையில் கொட்டச் சொன்னால்தான் எனக்கு உண்மை தெரியும். வேறு வேறு பெயரில் ஒரே மருந்து இரண்டு அட்டை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை இருக்கும். சளிக்கு வாங்கிப் பழகிப்போன மாத்திரை ஒன்று இருக்கும். அந்த வகையில் சில, வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். அடிக்கடி பார்க்கும் கதை ஒன்று: பிரஷருக்கு அம்லோடிபின் கொடுப்பார்கள், கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்ப்பார்கள். இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கும். இருட்டில் குளியலறைக்குப் போகும் வழியில் விழுவார். கடைசியில் எலும்பு மருத்துவரிடம் போவார்கள். முதல் மாத்திரையை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பையோடு மருத்துவரிடம் போங்கள்.

எடையை மாதம் ஒருமுறை ஒரே தராசில் பார்த்து எழுதிவையுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரு வருடத்தில் இரண்டரைக் கிலோ தானாக இளைத்தால் காரணம் தேட வேண்டும். பல் செட் பொருந்தாமல் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் ஒரு கிராம் புரதமாவது வேண்டும். ரசம் சாதத்தில் அது வராது.

உடல், மனம், அன்றாட வேலை, மருந்து, வீடு, கூட இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இந்த முறைக்கு வழிகாட்டியவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1935-இல் லண்டன் பக்கம் ஏழை விடுதி ஒன்றின் மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்த நூற்றுக்கணக்கான நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். “இவர்களுக்கு இனி ஒன்றுமில்லை” என்று விட்டுவைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, வகை பிரித்து, எழுப்பி நடக்கவைத்து, பலரை வீட்டுக்கே அனுப்பினார். அவரிடம் ஸ்கேன் கருவி எதுவும் கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு 78. டாக்டர் என்ன கேட்டாலும், “எல்லாம் நானே செய்துகொள்கிறேன்” என்கிறார். வீட்டில் சட்டைப் பொத்தான் போடுவதே நாங்கள்தான். அவர் எதிரில் எப்படி மறுத்துப் பேசுவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: மறுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானாகச் சாப்பிடுவது ஆகிய ஆறிலும் தானே செய்கிறாரா, உதவி வேண்டுமா என்று எழுதினால் போதும். பெரும்பாலானவர்களுக்குக் குளியல்தான் முதலில் கைவிட்டுப் போகும்.

அதற்கும் முன்னால் நழுவுவது வெளிவேலைகள்: வங்கி, மின்கட்டணம், பஸ் பயணம், போன், மாத்திரையை வேளை பார்த்துப் போடுவது. மருத்துவர்கள் கேட்டுப் பார்க்கும் இந்தப் பட்டியலில் சமையலும் துணி துவைப்பதும் உண்டு. ஆனால் வாழ்நாளில் ஒரு டம்ளர் காபி கலக்காத அப்பாவிடம் “சமைப்பீர்களா?” என்று கேட்டு என்ன பயன்? 1969-இல் இந்தப் பட்டியல் வந்தபோதே ஆண்களுக்கு வீட்டுவேலைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். நான் கேட்பது இதுதான்: போன தீபாவளிக்கு அவர் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள்?

கேள்வி: மாமனார் இரண்டு நாளாகப் பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார், இரவெல்லாம் பேசுகிறார், பகலில் தூங்குகிறார். மறதி நோய்ப் பரிசோதனை எங்கே செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த இதழ் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு நாளில் வந்த குழப்பத்தை முதலில் உடல்நோயாகத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, அடைபட்ட சிறுநீர், புது மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வதும், கடிகாரம் வரையச் சொல்வதும் அவர் தெளிந்த பிறகு. அப்போதும் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்காத சொல்லை யாராலும் நினைவில் வைக்க முடியாது.

கேள்வி: இதற்கெல்லாம் தனி மருத்துவமனை இருக்கிறதா? போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவம் 1978-இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் தொடங்கிவிட்டது. தொலைவு என்றால், உங்கள் ஊரில் பொறுமையாகக் கேட்கிற பொது மருத்துவர் ஒருவரே இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

கொண்டுபோக வேண்டியவை: மாத்திரைப் பை, மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல் செட், கைத்தடி, வழக்கமாகப் போடும் செருப்பு. விசேஷத்துக்கு எடுத்த புதுச் செருப்பு வேண்டாம். ரத்தம் எடுக்கப்போவதாகச் சொல்லாத பட்சத்தில் சாப்பிடவைத்தே கூட்டிப் போங்கள். கூட வருபவர் தினமும் அவரைக் குளிப்பாட்டுகிறவராக இருக்கட்டும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகனாக வேண்டாம்.