இரட்டை மறுப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிழக்கு லண்டனில் ஒரு கிடங்கில் இரவு வேலை. கூட வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெரியவர் எப்போதும் ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்றுதான் சொல்வார். இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்றுதானே படித்தோம்? ஒருநாள் எல்லார் முன்னாலும் திருத்தினேன். முகம் வாடிவிட்டது. படிக்காதவர்கள் சிந்திக்கும் விதமே இப்படித்தானா? நல்ல இலக்கண நூல் ஒன்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

இரவெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு இலக்கணமும் படிக்க நினைக்கிறீர்கள். அதனாலேயே உங்கள்மேல் பிரியம் வருகிறது. ஆனால் நீங்கள் செய்தது தப்பு. தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அவர் சொல்கிறார் என்பது உங்களுக்கு அந்த நொடியே புரிந்ததல்லவா? அப்புறம் எதைத் திருத்தினீர்கள்?

கொஞ்ச நாளாக ஆங்கிலக் கவிஞர் சாசரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய கான்டர்பரி கதைகளின் முகவுரையில் ஒரு குதிரைவீரர் வருகிறார். வாழ்நாளில் யாரையும் ஒரு இழிசொல் சொல்லாதவர். இதைச் சொல்ல சாசர் இரண்டே வரியில் நான்கு மறுப்புகளை அடுக்குகிறார்: நெவர், நோ, நெ, மறுபடியும் நோ. உங்கள் கணக்குப்படி இரண்டிரண்டாக அடித்துப் பாருங்கள். அந்த நல்ல மனிதர் வசைபாடி ஆகிவிடுவார்! ஒரு மறுப்பை இன்னொன்று அழிக்கவில்லை, அழுத்துகிறது. ஸ்பானிய மொழி இன்றும் அப்படித்தான்: ‘நோ தெங்கோ நாதா’ என்றால் என்னிடம் ஒன்றுமில்லை. அவர்களைத் திருத்தப் போவீர்களா?

ராபர்ட் லோத் என்ற பாதிரியாரின் இலக்கணம் 1762இல் வந்தது. இரண்டு மறுப்பு ஒன்றையொன்று அழிக்கும் என்ற விதியைப் பரப்பியதில் அதற்குப் பங்குண்டு. கனவான்களின் எழுத்தில் மறுப்புகளை அடுக்கும் வழக்கம் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. உழைக்கிறவர்கள் பேச்சில் தேயவில்லை, அவ்வளவுதான்.

‘படிக்காதவர்கள் சிந்திக்கும் விதம்’ என்ற வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளைப் பற்றிக் கல்வி நிபுணர்கள் சிலர் இதையேதான் சொன்னார்கள்: பேச்சில் தர்க்கமில்லை, ஆகவே சிந்தனையிலும் இல்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் பையன்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் லபோவ், 1969இல் ஒரு கட்டுரையில் அந்த வாதத்தை உடைத்தார். அந்தப் பேச்சுக்கென்று ஒழுங்கான விதிகள் இருக்கின்றன, இரட்டை மறுப்பும் அவற்றில் ஒன்று என்று காட்டினார். படித்தவர்கள், பள்ளி விதியிலிருந்து விலகிய பேச்சை மூளைக் குறையாகப் பார்த்ததால் எத்தனை குழந்தைகள் வகுப்பில் வாயடைத்துப் போயிருப்பார்கள்! நீங்களும் அதையே செய்துவிட்டு வந்து என்னிடம் நூல் கேட்கிறீர்கள்.

வேலைக்கு மனு எழுதும்போது அந்த ‘நத்திங்’ இடத்தில் ‘எனிதிங்’ என்றே எழுதுங்கள், அங்கே அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நூலைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அதையும் எல்லார் முன்னாலும்.