குளிர்த்திக்கும் வாய் திறக்கவில்லை

அன்புள்ள அக்கா,

எனக்கு 22 வயது, ஊர் அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவில். ஏ.எல்.லில் சங்கீதம் படித்தேன். திருவிழாக்களில் இசைக்குழுவோடு பாடுவேன். மாசியில் ஒரு பாட்டுப் போட்டியின் குரல் தேர்வுக்கு அப்பாவோடு இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். ஒரு சரணம் முடியவிடவில்லை. "குரல் பரவாயில்லை, உச்சரிப்பில ஊர் வாடை அடிக்குது" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். இப்போது ஒருவர் போன் எடுத்து, மூன்று இலட்சம் தந்தால் அல்பம் செய்து பெரிய ஆளாக்குவதாகச் சொல்கிறார். அம்மா தாலிக்கொடியை ஈடு வைக்கவும் தயார். எனக்கோ மேல் ஸ்தாயிக்குப் போனால் தொண்டை இறுகுகிறது. வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபம் தணிக்கும் குளிர்த்திச் சடங்குக்கு, பெரியம்மா சொல்லித்தந்த பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை. எனக்குத் திறமையே இல்லையா?

- வாசகி

அன்புத் தங்கச்சி,

கொடி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். உன் பாட்டை நீ செலவழித்துப் பதிவது வேறு. 'பெரிய ஆளாக்குகிறேன்' என்ற வாய்ச்சொல்லுக்குக் காசு கட்டுவது வேறு.

குளிர்த்தி பற்றி நீ எழுதிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பயம் வந்தால் மூச்சு மேலேறிக் குறுகும், குரல்வளையைச் சுற்றிய தசைகள் இறுகும். மேல் ஸ்தாயி முதலில் அகப்படும். அந்த அறையில் பட்ட வெட்கத்தை உன் தொண்டை இன்னும் சுமக்கிறது. (குரல் கம்மலும் இருந்து, மூன்று கிழமை தாண்டினால் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் காட்டு.)

ஊர் வாடை என்றார்களே, எனக்குக் கோபம் வருகிறது. குளிர்த்திப் பாட்டு இத்தனை தலைமுறை வந்தது இந்த வாய்களால்தான். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் உன் மாவட்டத்துக் காரைதீவில் பிறந்தவர். சினிமாப் பாட்டுக்கு வேறு உச்சரிப்பு வேண்டுமென்றால் பழகிக்கொள்ளலாம், அது பயிற்சிதான். மட்டக்களப்புக் கல்லடியில் விபுலாநந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசைப் பட்டப்படிப்பு இருக்கிறது. உன் பெறுபேற்றோடு விசாரி.

இப்போதைக்கு மேடை வேண்டாம். பின்னேரம் முற்றத்தில் பெரியம்மாவைப் பக்கத்தில் இருத்தி, மூச்சை நீளமாக விட்டு, தாழ்ந்த சுருதியில் அந்தப் பாட்டைப் பாடு. போனில் பதியாதே. தொண்டை இளகின பிறகு அப்பாவைக் கூப்பிடு, பிறகு அயலட்டை.

நித்திரையும் சாப்பாடும் குழம்பினால் 1926க்கு எடு, தேசிய மனநல உதவி இலக்கம் அது.

முதல்நாள் பாடி முடிய பெரியம்மா என்ன சொன்னா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா