விடை என் கையிலேயே இருந்தது

கேள்வி: பள்ளியில் காது கேளாத மாணவருக்குச் சைகை மொழிபெயர்ப்பவர், தேர்வில் விடையை எடுத்துக்கொடுக்கலாமா? மாணவர் பேசுவதை வீட்டாரிடம் சொல்லலாமா?

எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஆனால் நினைக்காமலேயே கொடுத்துவிட முடியும், அதுதான் வில்லங்கம்.

கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டு இந்த வேலை பார்த்தேன். ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் ஒருநாள் வாய்மொழித் தேர்வு வைத்தார். 'இதயம் உடலில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டார். நான் வழக்கம்போல நெஞ்சின் மேல் கையை வைத்து 'இதயம்' என்று காட்டினேன். பையன் என் கையைப் பார்த்தான், சிரித்தான், தன் நெஞ்சில் அதே இடத்தைத் தொட்டான். முழு மதிப்பெண்! டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, வேறு கேள்வி கேட்க வைத்தேன். அவன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

முக்கோணமும் அப்படித்தான். விரலால் வரைந்து காட்டினால் பக்கங்களை எண்ணிவிடலாம். எழுத்துக்கூட்டிக் காட்டலாமே என்பீர்கள். இந்தியச் சைகை மொழியில் இரு கைகளாலும் காட்டுவது ஆங்கில எழுத்துகளை. தமிழ்வழிப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? அதனால் முதல்நாளே கேள்விகளை வாங்கிப் பார்த்துக்கொண்டு, இடிக்கிற சொல்லை மட்டும் பலகையில் எழுதச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் வீட்டார். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் ரகசியம் என்ற பேச்சே கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி, அது தெரியவந்தவர் எவரானாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம். மற்றபடி, வகுப்பில் பார்த்தது வகுப்போடு சரி.

சொல்வது சுலபம். எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே டீக்கடைக்குத்தான் வருவோம். குறுவை நடவு நேரம், காலில் சேறு காயாமல் வந்த அப்பா ஒருவர் என்னை மடக்கினார்.

"சார், எம்மவன் அங்க யாரோட பேசுறான், என்ன பேசுறான்? ஒங்களுக்குத்தானே புரியும்."

"அவனையே கேளுங்கண்ணே. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

முகம் சுண்டிப்போனது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வந்தும் கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "மதியம் சோறு போதுதான்னு கேளுங்க" என்றார். "அவனைப் பாத்துக் கேளுங்கண்ணே" என்றேன்.

திரும்பி உட்கார்ந்து கேட்டார். சோறு போதுமாம், ரசம்தான் வேண்டாமாம்.