கோயில் மண்டபத்தில் தாத்தா வாசித்த நாகஸ்வரக் கேசட்: எதிரொலியையும் ரீங்காரத்தையும் ஏஐ வைத்து எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

"கல்மண்டபம் என்பதால் ஒரே கும்மென்று இருக்கிறது, பின்னால் ஒரு ரீங்காரம் வேறு, தாத்தாவின் வாசிப்பு மட்டும் தெளிவாக வேண்டும்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ரீங்காரம் என்னவென்று வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது கேட்டீர்களா? நான் எங்கள் கேசட்டைக் கடையில் கொடுக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டவன்.

எங்கள் வீட்டிலும் ஒரு கேசட் இருந்தது. 1981, கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில், உற்சவத்தில் சாமி புறப்பாடு. பெரியப்பா நாகஸ்வரம், கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரி. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, புது நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேளத்துக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறார். மைக்கும் கூடவே நடந்ததால் கோயிலே அதில் பதிவாகிவிட்டது. மண்டபத்துக்குள் இருக்கும்வரை தவிலின் ஒவ்வொரு அடியும் தூண்களில் பட்டுத் திரும்பி, அடுத்த அடியோடு கலந்துகொள்ளும். திறந்த பிரகாரத்துக்கு வந்ததும் சத்தம் சட்டென்று ஒல்லியாகிவிடும். காக்கைகள் கேட்கும், சிதறுகாய் உடைவது கேட்கும். கோபுர வாசலுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் மேலேயும் கல், மேளம் மறுபடி பெருத்து நெஞ்சில் இடிக்கும். அப்புறம் தெரு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சாமி எங்கே வருகிறது என்று சொல்லிவிடலாம்.

2009ல் சிடி ஆக்கித் தரச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், கெட்ட எண்ணத்தில் அவர் எதுவும் செய்யவில்லை. "சூப்பரா க்ளீன் பண்ணிட்டேன் சார்" என்று சந்தோஷமாகத்தான் கொடுத்தார். வீட்டில் போட்டோம். பெரியப்பா வாசிப்பு துல்லியம். தவில் அடிகள் வாலறுந்து, பலகையில் தட்டியதுபோல். மண்டபமும் இல்லை, கோபுர வாசலும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாதான் கேட்டார்: "ஒத்து எங்கடா?"

ஒத்து ஊதியது என் அப்பா. அப்போது அவருக்கு 19 வயது. தெரியாதவர்களுக்காக: ஒத்து நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரே சுருதிதான் வரும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, இடைவெளி விழாமல் ஊதிக்கொண்டே நடக்க வேண்டும். அப்போதைய இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குப் பெரும்பாலும், எதை நீக்குவது என்று முதலில் ஒரு மாதிரி காட்ட வேண்டும். வாசிப்பு தொடங்குவதற்கு முந்தைய சில விநாடிகளைத்தான் பெரும்பாலும் எல்லோரும் காட்டுவார்கள். எங்கள் கேசட்டில் அந்த விநாடிகளில் இருந்தது ஒத்து மட்டும். மாறாமல் ஒரே சுருதியில் நிற்பது எதுவானாலும் ஃபேன் சத்தம், கரண்ட் ஹம் என்று அது எடுத்துக்கொள்ளும். பதிவு முழுக்கத் தேடித்தேடி அப்பாவைத் துடைத்துவிட்டது. அப்பா 2003லேயே இறந்துவிட்டார். அவர் வாசித்து வேறு பதிவு கிடையாது. கேசட்டைத் திரும்பக் கேட்டபோது, கடை மாற்றும்போது பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

"ஹிஸ் சத்தமும் பாரம்பரியமா?" என்று யாராவது வருவார்கள். இல்லை, ஹிஸ் என்கிற அந்த 'ஸ்ஸ்' சத்தம் நாடாவினுடையது, போகட்டும். எதிரொலி கட்டடத்தினுடையது. நான் ஒலிப்பொறியாளன் இல்லை, ஆனால் இந்த விஷயத்தைப் பதினைந்து வருஷமாகப் படித்துவருகிறேன். ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1969ல் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தார். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்தார், அதை மறுபடியும். போகப்போகப் பேச்சு கரைந்து, அந்த அறைக்கு இயல்பான சுருதிகள் மட்டும் மிஞ்சின. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் அரங்கம். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அலுவலகத்தில் இருந்த செனாக்கிஸ் வடிவமைத்தது, அவர் இசையமைப்பாளரும்கூட. இன்னொரு இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் நாடாவில் செய்து தந்த எட்டு நிமிட இசை, நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியாகச் சுவரோடு சுவராக ஓடியது. 1959ல் அரங்கத்தை இடித்துவிட்டார்கள். இசை இன்றும் கேட்கக் கிடைக்கிறது, இரண்டு ஸ்பீக்கரில். அது ஓடிய சுவர் இல்லை. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் ஒலியை 2013லேயே அளந்து வைத்திருந்தார்கள். 2019ல் தீப்பிடித்த பிறகு, முன்பு எப்படி ஒலித்தது என்று சொல்ல அந்த அளவுகள் கையில் இருந்தன. நம் கோயில்களில் எத்தனைக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறது? உங்கள் தாத்தா கேசட் மாதிரி தற்செயலாகப் பதிவானவைதான்.

போன வருஷம் எங்கள் மண்டபத்திலேயே கைதட்டி, அதன் எதிரொலியைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று போனேன். தீபாராதனை நேரம். மோட்டார் மேளம் ஓட ஆரம்பித்தது. ஸ்விட்ச் போட்டால் முரசும் மணியும் தானே அடிக்குமே, அது. பெரியப்பா நின்று வாசித்த தூணில் அதன் ஒயரைக் கட்டியிருக்கிறார்கள். ஆள் வைக்கக்கூடாதா என்றால் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்பார்கள், ஆள் வருவதில்லை என்பார்கள். வருகிறவனுக்கு மாசம் என்ன கொடுத்தீர்கள் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. என் தம்பி மகன் தவில் படித்தவன், இன்று கூரியர் கம்பெனியில் இருக்கிறான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கேசட்டுக்கு வருகிறேன். நாடா உரசும் ஹெட்டைத் துடைத்த நல்ல கேசட் டெக்கில் ஓட்டி, எந்த ஃபில்டரும் போடாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டை வெளியில் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு நகலில் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள். ஒத்து யார், தாளம் யார், எந்த மண்டபம் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

எங்களுக்கு மிஞ்சியது, அந்தக் கேசட்டிலிருந்து அத்தை எப்போதோ டப் செய்து வைத்திருந்த 11 நிமிடம். திறந்த பிரகாரத்தோடு நின்றுவிடும். கோபுர வாசல் இல்லை. 7வது நிமிடத்தில் யாரோ "ஒத்து, ஒதுங்கி வாப்பா, தீவட்டி வருது" என்கிறார். ஒத்து கொஞ்சம் விலகிப் போய், தூணுக்கு அந்தப் பக்கம் மங்கலாகி, மறுபடி மைக்குக்குப் பக்கத்தில் வருகிறது. மூச்சு விடவில்லை.