குழந்தையின் நோய்ப் பட்டியலில் எதை வைப்பது, எதை எடுப்பது?

குழந்தைநல மருத்துவரான வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் மின்னணு மருத்துவப் பதிவேட்டில் ஆறு வயதுச் சிறுவனின் நோய்ப் பட்டியலில் சளி, வாந்தி, மஞ்சள் காமாலை என்று 17 வரிகள் இருக்கின்றன, அவனுக்கு மண்ணீரல் அகற்றப்பட்ட செய்தி மட்டும் இல்லை. இதை யார், எப்படித் திருத்துவது?"

விடுபட்ட அந்த ஒரு வரியை இன்றே சேர்த்துவிடுங்கள். மண்ணீரல் இல்லாத குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல்கூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தான ரத்தத் தொற்றாக மாறக்கூடும் என்பதால், இரவுப் பணியில் இருக்கும் முன்பின் அறியாத மருத்துவரின் கண்ணில் முதலில் பட வேண்டியது அதுதான். 17 வரிகள் அதை மறைக்கும் என்பதற்காகவே மற்றவற்றைக் களைய வேண்டியிருக்கிறது.

நோய்களை எண்ணிட்டுப் பட்டியலிடும் முறையை 1968இல் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட், எந்த அளவுக்கு உறுதியாகத் தெரியுமோ அந்த அளவுக்கே எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். குழந்தைகளிடம் இதற்கு இரட்டிப்பு மதிப்பு உண்டு, ஏனெனில் வயது ஏற ஏற நோயின் பெயரே மாறிவிடுகிறது. ஒன்றரை வயதில் சளியோடு மூச்சு இழுத்த குழந்தைக்கு உடனே 'ஆஸ்துமா' என்று எழுதாமல், 'வைரஸ் தொற்றின்போது வீசிங், 18 மாதம்' என்று எழுதுங்கள். பள்ளி வயதுக்குள் அது பலருக்கு நின்றுவிடும், நிற்காதவர்களுக்கு அப்போது பெயரை மாற்றலாம். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் வரும் காய்ச்சல் வலிப்பை 'கால்கை வலிப்பு' என்று பதிந்தால், அந்தப் பெயர் குழந்தையைப் பள்ளி வரை துரத்தும்.

களையும்போது எல்லா வரிகளையும் ஒரே விதமாக அழிக்காதீர்கள். தவறாகப் பதிந்ததைக் காரணம் குறிப்பிட்டு நீக்குங்கள். குணமானதை முடிந்த தேதியுடன் 'தீர்ந்தது' என்று மாற்றுங்கள். பிறந்த மூன்றாம் நாள் வந்து தானே தணிந்த மஞ்சள் காமாலை இந்த இரண்டாம் வகை. ஆனால் குழந்தையின் ரத்தத்தையே மாற்றும் சிகிச்சை வரை போன கடுமையான காமாலை செவித்திறனைப் பாதிக்கக்கூடியது என்பதால், அது கடந்தகால வரலாறாகக் கண்ணில் படும்படி இருக்கத்தான் வேண்டும். அறுவை சிகிச்சையில் மூடப்பட்ட இதய ஓட்டையும் அப்படியே: 'மூடப்பட்டது' என்ற சொல்லோடும் ஆண்டோடும்.

யார் பொறுப்பு? வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஒருவர்தான். செவிலியரும் சிறப்பு மருத்துவரும் மாற்றங்களைப் பரிந்துரைக்கட்டும், முடிவு அவருடையதாக இருக்கட்டும். தடுப்பூசிக்கு வரும் நாள் இதற்கு நல்ல வேளை: பட்டியலைத் தாயிடம் வாசித்துக் காட்டினால், "அதெல்லாம் இரண்டு வயதிலேயே சரியாகிவிட்டதே" என்று அவரே சொல்லிவிடுவார். ஒவ்வொரு வருகையின் நோயறிதலும் பட்டியலில் தானாகவே ஏறும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். சளியும் வாந்தியும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன.

விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க மருந்துப் பட்டியலோடு ஒப்பிடுவதைப் போன்ற எளிய வழி வேறில்லை. தொற்றைத் தடுக்கத் தினமும் பென்சிலின் எடுக்கும் குழந்தைக்கு அதற்கான காரணம் பட்டியலில் இல்லையென்றால், உங்கள் சிறுவனைப் போலவே ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட குழந்தைகளின் பெயர்களை மென்பொருளிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, திருத்தத்தை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.