அஃப்லாவோவில் ஓர் இரவு: அறை தேடுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கானாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது அஃப்லாவோ. ஊரின் கடைசித் தெருவைத் தாண்டினால் டோகோ நாட்டின் தலைநகரம் லோமே. நடுவில் வயலோ வெட்டவெளியோ கிடையாது. ஒரு வேலி, ஒரு கேட், இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் பிரெஞ்சு. பண்ருட்டி ஆலைகளுக்கு முந்திரிக்கொட்டை வாங்கும் வேலையாகப் பல சீசன்கள் அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். பிப்ரவரியில் தொடங்கி மே வரை கொட்டை வரும் காலம், அப்போது மலிவான விடுதிகளில்தான் தங்குவேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து, முதல் முறை போகிறவர்: அண்ணா, அஃப்லாவோவிலேயே தங்கலாமா, இல்லை எல்லையைத் தாண்டி லோமேயில் தங்கலாமா? அங்கேதான் கடற்கரை நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

முதலில் உங்கள் கானா விசாவை எடுத்துப் பாருங்கள் தம்பி. ஒருமுறை நுழைவு என்று இருந்தால், லோமேக்குள் கால் வைத்த அடுத்த நிமிடமே அந்த விசா முடிந்தது. திரும்பி வர இன்னொரு விசா வேண்டும். கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இதில் மாட்டிக்கொண்டு தவித்ததைப் பார்த்திருக்கிறேன். பலமுறை நுழைவு விசா இருந்தால் கவலையில்லை. டோகோ விசாவை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

கேட்டில் நின்றால் தலையில் கூடையோடு பெண்கள் சர்வசாதாரணமாக வந்து போவது தெரியும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் 1979-ல் போட்ட ஒப்பந்தப்படி அந்த நாட்டு மக்கள் ஒருவர் நாட்டில் ஒருவர் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். தவிர வேலியின் இரண்டு பக்கமும் எவே மொழி பேசும் ஒரே மக்கள்தான், அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று இருப்பார்கள். அவர்கள் போகிறார்களே என்று நாமும் சந்து வழியாகப் போய்விடக் கூடாது. கானாவில் வெளியேறும் முத்திரை, டோகோவில் நுழையும் முத்திரை, இரண்டும் பாஸ்போர்ட்டில் விழ வேண்டும்.

அக்ராவிலிருந்து மாலையில் வந்து சேர்ந்து மறுநாள் காலையில் எல்லை தாண்டுபவர் என்றால் அஃப்லாவோவில் படுங்கள். இரண்டு மூன்று நாள் வேலை என்றால் லோமே. கேட்டுக்கு எதிரே இருக்கும் கோஜோவியாகோப்பே பகுதியிலேயே சின்ன விடுதிகள் இருக்கின்றன. கடற்கரையில் காற்று வாங்குங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். அந்தக் கடலில் உள்ளிழுப்பு பயங்கரம்.

திருப்பூரிலிருந்து ஒரு துணி வியாபாரி: இணையத்தில் படம் பார்த்து முன்கூட்டியே பணம் கட்டலாமா?

மலிவு விடுதி என்றால் வேண்டாம். நேரில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஒரு வருடம் நான் இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்ராவின் துடு நிலையத்தில் ட்ரோட்ரோ என்ற ஷேர் வேனில் ஆள் நிறையவே மதியம் தாண்டிவிட்டது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், ஆனால் சொகாகோப்பேயில் வோல்டா ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு வழியெல்லாம் சோதனைச் சாவடி. அலுப்பில் அறையைப் பார்க்காமலே பணத்தைக் கட்டிவிட்டேன். உள்ளே போனால் கதவின் தாழ்ப்பாள் சட்டத்தின் ஓட்டையில் சேரவில்லை, விரற்கடை தள்ளி நின்றது. நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மற்றபடி அந்த விடுதிக்காரர் நல்ல மனிதர்தான், காலையில் தச்சரையும் கூப்பிட்டு வந்தார். ஆனால் என் இரவு போனது போனதுதான்.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் வந்துவிடுங்கள். வரவேற்பு மேசையில் நீளமான நோட்டு ஒன்று இருக்கும், பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அதில் எழுதச் சொல்வார்கள். எழுதும் முன் "அறையைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பாருங்கள். ஜன்னலில் கொசுவலைக் கம்பி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனைப் போடுங்கள், குழாயைத் திறங்கள், தலையணையைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. கானாவில் "செல்ஃப் கன்டெயின்ட்" என்றால் குளியலறை உள்ளேயே இருக்கும் அறை. டோகோ பக்கம் "வாந்திலே" என்றால் ஃபேன் அறை, "கிளிமாத்திசே" என்றால் ஏசி. விலை இரண்டுக்கும் நிறைய வித்தியாசப்படும். கடலோரம் என்பதால் இரவில் ஃபேனே போதும், கரண்ட் இருக்கும்வரை.

கோயம்புத்தூரிலிருந்து: கரண்ட் அடிக்கடி போகுமா? பிளக் நம் ஊர் மாதிரியா?

போகும். கானாவில் அதற்கென்றே "டும்சோர்" என்று ஒரு சொல் இருக்கிறது. டும் என்றால் அணைப்பது, சோர் என்றால் ஏற்றுவது. ஜெனரேட்டர் இருக்கிறதா, இரவு முழுக்க ஓடுமா என்று கேளுங்கள். ஓடும் என்றால் அதற்குப் பக்கத்து அறையை வாங்காதீர்கள். கானாவில் பெரும்பாலும் சதுர முனை மூன்று கொண்ட பிரிட்டிஷ் பிளக், அடாப்டர் வேண்டும். லோமேயில் உருண்டை முனை இரண்டு, நம் செல்போன் சார்ஜர் அப்படியே பொருந்தும். எல்லையோர அறையில் போன் தானாக அடுத்த நாட்டு டவருக்குத் தாவிவிடும். நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் ரோமிங் பணம் கரையும்.

மதுரையிலிருந்து ஒரு அக்கா: தம்பி, நான் சுத்த சைவம். மூன்று நாள் எப்படிச் சமாளிப்பது? கூடவே கேட்டுவிடுகிறேன், குடிக்கிற தண்ணீருக்கு என்ன செய்வது?

அக்கா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை. பயப்படவே வேண்டாம். காலையில் விடுதியை விட்டு இறங்கித் தெருமுனைக்குப் போங்கள். பெரிய அலுமினியப் பானை ஒன்றும் எண்ணெய்ச் சட்டி ஒன்றும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பானையில் இருப்பது ஹவுசா கோகோ, புளிக்க வைத்த கம்பு மாவில் இஞ்சியும் கிராம்பும் மிளகும் போட்டுக் காய்ச்சிய கூழ். சட்டியில் வேகுவது கோசே, காராமணியை அரைத்துச் சுட்ட வடை. கம்பங்கூழும் வடையும் அக்கா! முதல் தடவை அந்த வடையைப் பிட்டபோது உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது, மேலே மொறுமொறு. கூழில் சர்க்கரை போடுவார்கள், வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்கு ரெட் ரெட் கேளுங்கள். காராமணியைச் செம்பனை எண்ணெயில் குழம்பாக வைத்து, பழுத்த வாழைக்காய் வறுவலோடு தருவார்கள். ஆனால் சிலர் கருவாட்டுத் தூளைச் சேர்த்துவிடுவார்கள், அதனால் "மீன் போட்டிருக்கிறதா?" என்று கேட்டே வாங்குங்கள். வாச்சே என்று காராமணிச் சோறு கிடைக்கும், அதுவும் நல்லதுதான். கூட வைக்கும் ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கை மட்டும் தொடாதீர்கள், அதில் மீனும் இறாலும் உண்டு. லோமே பக்கம் போனால் ஆப்லோ தேடுங்கள். ஆவியில் வேகவைத்த, லேசாக இனிக்கும் பணியாரம், பார்த்தால் இட்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். கோலிகோ என்ற சேனைக்கிழங்கு போன்ற யாம் கிழங்கு வறுவலும் சைவம்தான், பொரித்த எண்ணெயில் மீன் போடவில்லை என்றால்.

குடிக்கும் தண்ணீர் பாக்கெட்டில் வரும், பெயரே "ப்யூர் வாட்டர்". அரை லிட்டர் பாக்கெட், மூலையைக் கடித்துக் குடிப்பார்கள். 30 பாக்கெட் கொண்ட மூட்டையும் விற்பார்கள். முத்திரை அச்சடிக்காத பாக்கெட்டை விட்டுவிடுங்கள். பல் தேய்க்கவும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: நான் தனியாகப் போகிறேன். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம் அம்மா, கவனம் வேண்டும். எல்லை ஊர்களில் சில மலிவு விடுதிகள் மணிக்கணக்கில் அறை தருபவை. பலகையில் "ஷார்ட் டைம்" என்றோ, டோகோவில் "பசாஜ்" என்றோ போட்டிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். குடும்பத்தோடு உரிமையாளரே தங்கியிருக்கும் கெஸ்ட் ஹவுஸ் நல்லது. முற்றத்தில் துணி காய்கிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று பாருங்கள். எனக்கு இது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அறை எண்ணை வரவேற்பில் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். இருட்டிய பிறகு லோமேயின் கடற்கரைச் சாலையில் தனியாக நடக்காதீர்கள், மோட்டார் சைக்கிள் டாக்சியிலும் ஏறாதீர்கள்.

எங்கே போனாலும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். அங்கே அது பெரிய விஷயம். நேரடியாக "அறை என்ன விலை?" என்று ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும். கானாவில் "குட் மார்னிங்", டோகோவில் "போன்ஜூர்", நன்றி சொல்ல இரண்டு பக்கமும் எவேயில் "அக்பே". பணத்தை இடது கையால் நீட்டாதீர்கள். இதை நம் ஊர்ப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து: பணம் மாற்றுவது எங்கே? எல்லையில் லஞ்சம் கேட்டால் என்ன செய்வது?

கானாவின் பணத்துக்குப் பெயர் செடி, டோகோவில் சீஃபா பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று கட்டிவைத்த விகிதம், அதனால் யூரோ கையில் இருந்தால் கணக்கு சுலபம். மத்திய ஆப்பிரிக்க நாடுகளும் சீஃபா பிராங்க் என்ற பெயரில்தான் நோட்டு வைத்திருக்கின்றன, மதிப்பும் அதேதான், ஆனால் அந்த நோட்டு லோமே கடையில் செல்லாது. கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கட்டுக்கட்டாக வைத்திருப்பவர்களிடம் மாற்றுவதானால் கொஞ்சமாக மாற்றுங்கள். அவர்கள் எண்ணி முடித்த பிறகு நீங்கள் எண்ணி, அது உங்கள் கையில் இருக்கும்போதே உங்கள் பணத்தைக் கொடுங்கள். "ஒரு நிமிடம்" என்று திரும்ப வாங்கினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

கேட்டில் "கோரோ பாய்ஸ்" என்ற இடைத்தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பாஸ்போர்ட்டை அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. சீருடை போட்டவர் இருக்கும் ஜன்னலுக்கு நீங்களே போங்கள். காகிதம் சரியாக இருந்து, நிதானமாகச் சிரித்துப் பேசி, ரசீது கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவசரப்படுபவரிடம்தான் பணம் கேட்பார்கள். அங்கே போட்டோ எடுக்காதீர்கள், அது வேறு வம்பு.

தஞ்சாவூரிலிருந்து: மஞ்சள் காய்ச்சல் அட்டையை உண்மையிலேயே பார்ப்பார்களா?

பார்ப்பார்கள், இரண்டு பக்கமும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016-லிருந்து ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும். முக்கியமாக, அட்டை இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் இங்கேதான் தனிமைப்படுத்தி வைப்பார்கள், 6 நாள் வரை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தாயார்: மகன் அங்கே வேலைக்குப் போகிறான். மலேரியாதான் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகை, நம் ஊரில் ஆட்களைப் படுத்தி எடுத்துவிட்டுப் போகும் வகையைவிட மோசமானது. நாலு நாள் அலட்சியம் உயிரையே எடுத்துவிடும். தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் சாப்பிட வேண்டியிருக்கும், ஊருக்கு வந்தாச்சே என்று நிறுத்திவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு கொசுவலையும் நாலு கொக்கியும் நைலான் கயிறும் பெட்டியில் வையுங்கள். விடுதி வலையில் ஓட்டை இருக்கும், ஓட்டையில்லாத வலை இருந்தால் கட்ட ஆணி இருக்காது. அந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை.

அவன் ஊர் திரும்பி ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இங்கே டாக்டர் டெங்கு என்றோ வைரல் என்றோதான் முதலில் நினைப்பார். "மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறான்" என்று அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.